எதிரிப் படையில் நடராசன்

கோடம்பாக்கம், சென்னை
12-3-1972

அன்புத் தம்பி பழனிவேலுக்கு,

அண்ணன் ராசாங்கத்தின் ஆசீர்வாதம். நான் இங்கே சௌக்கியம். அரியலூரில் நீயும், தங்கச்சி ராசாத்தியும், மாப்பிள்ளை நடராசனும், குட்டி செங்கமலமும் சுகந்தானே? உன் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குத் தேதி வந்துவிட்டதா? குவாரியில் ஆள் வருகை எழுதிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடாதே.

ஒரு நல்ல சேதி. இந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் குடை பிடித்ததற்குப் பலன் வந்துவிட்டது. இப்போது நான் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட். படத்தின் பெயர் 'கதிர்க்கோட்டை'. போன டிசம்பர்ப் போரின் சூடு ஆறுவதற்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்று பறக்கிறார்கள். எதிரி நாட்டு விஞ்ஞானி ஒருவன் பூமிக்கடியில் கோட்டை கட்டி, வானத்திலிருந்து கதிர் பாய்ச்சி நம் வயல்களைக் கருக்கும் இயந்திரம் செய்கிறான். நம் உளவாளி மாறுவேடத்தில் புகுந்து அதைத் தகர்க்கிறான். நம் நாட்டில் இதுவரை யாரும் எடுக்காத விஞ்ஞானப் படம். "இது படம் இல்லடா, தேச சேவை" என்று டைரக்டர் அடிக்கடி சொல்வார்.

கோட்டைக்கு இடம் தேடி அலைந்தபோது நம் ஊர்க் குவாரியைச் சொன்னேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பூமி மாதிரியே இல்லையே!" என்று என் முதுகில் தட்டினார். குவாரி முதலாளியும் சம்மதித்துவிட்டார். எதிரிச் சிப்பாய்களாக நிற்க நாற்பது ஆள் வேண்டும். மாப்பிள்ளை மேஸ்திரிதானே, அவர் ஆட்களையே அழைத்து வரச் சொல். நம் ஜனங்கள் திரையில் வரப்போகிறார்கள், நினைத்துப் பார்!

உன் பிரியமுள்ள அண்ணன்,
ராசாங்கம்


அரியலூர்
19-3-1972

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

பழனிவேல் வணக்கம். எல்லோரும் சுகம். செங்கமலத்துக்கு மட்டும் சளி. குவாரித் தூசி மூன்று வயதுப் பிள்ளையை விடுமா? பரீட்சை ஏப்ரல் 23, திருச்சியில்.

உங்கள் உயர்வில் எனக்குச் சந்தோஷம்தான். படத்தில் இல்லை. நம் வயலைக் கருக்குவதற்கு வானத்திலிருந்து கதிர் வர வேண்டுமா? தா.பழூர்ப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வராமலே கருகுகிறது. அதை எந்த உளவாளி வந்து பார்த்தான்?

கடிதத்தை நடராசன் மாமாவிடமும் ஆட்களிடமும் படித்துக் காட்டினேன். எதிரி என்றதும் சிரிப்பு. "நம்மளப் பாத்தா எதிரி மாதிரியா இருக்கு? மொதலாளி இதத்தான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்காரு" என்றார் மாமா. கல் சுமக்கிற காத்தாயி விடவில்லை. "ஏன் மேஸ்திரி, கூலி கேட்டா எதிரி, ஓட்டுக் கேக்க வந்தா மட்டும் நம்ம நாட்டானா? போயி நல்லா செத்துக் காட்டுங்க. நாங்க மேட்டுல ஒக்காந்து பாக்கறோம்" என்றாள்.

வர எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். குவாரி வழக்கம் உங்களுக்கு மறந்திருக்கலாம், எழுதுகிறேன். வெடி வைத்ததும் எல்லோரும் மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கிவிடுவார்கள். எல்லாக் குழியும் வெடித்து முடிந்த பிறகு மேலேயிருந்து ஒரு நீள விசில் வரும். அதைக் கேட்டுத்தான் எழுந்து வருவார்கள். மேஸ்திரி முதல் ஆளாகப் போய் வெடிக்காத குழி இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த விசிலைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. பள்ளத்துக்குள் சொந்தம் இருக்கிறவன்தான் ஊத வேண்டும். தன் ஆள் உள்ளே இருந்தால் அவன் அவசரப்பட மாட்டான்.

"ஒங்க அண்ணன் கையில விசில் இருந்தா நாங்க வரோம். இல்லாட்டி கம்பெனிக்காரங்க வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்கிறார் மாமா. இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பழனிவேல்


கோடம்பாக்கம்
4-4-1972

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். நலமே. செங்கமலத்துக்குச் சளி குறைந்ததா?

23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். குவாரிக்கு விடுமுறை நாள், தொந்தரவில்லை. நீ பரீட்சைக்குப் போய்விடுவாய் என்பதுதான் வருத்தம். நம் படைவீரர்களாக வருகிறவர்கள் எல்லோரும் சென்னை ஸ்டண்ட் ஆட்கள், சிவப்பாக, உயரமாக இருப்பார்கள். எதிரிகளுக்கு உடுப்பும் ஒட்டுத்தாடியும் கம்பெனியே கொடுத்துவிடும். "அந்த ஊர் ஆளுங்களுக்கு மேக்கப் செலவே இல்ல" என்று மேக்கப்காரர் கூடச் சந்தோஷப்பட்டார்.

வெடி வைக்கச் சென்னையிலிருந்தே ஆள் வருகிறது. மாப்பிள்ளை அதில் கை வைக்க வேண்டாம். விசில் விஷயத்தை டைரக்டரிடம் சொன்னேன். சிரித்தார். சரி என்றார்.

அண்ணன்,
ராசாங்கம்


அரியலூர்
9-5-1972

அண்ணனுக்கு,

பழனிவேல் எழுதுவது. சுகம் விசாரிக்க இங்கே ஒன்றும் இல்லை. நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தாய்மாமன் வீடு, பங்காளி வீடு, குவாரி ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். உடன்பிறந்தவன் போட வேண்டிய கோடிச் சேலையை நான் ஒருவன் போட்டேன். நீங்கள் வரவில்லை.

திருச்சியிலிருந்து நான் வந்து இறங்கியபோது மாமாவைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். உங்கள் வேன் போய்விட்டிருந்தது. ஆட்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வெடி வெடித்தது. பள்ளம் முழுக்கப் புகை. நீள விசில் கேட்டது. மாமா வழக்கம்போல முதல் ஆளாக எழுந்து மேட்டைத் தாண்டி நடந்தார். பின்னாலேயே எழுந்தவர்களுக்கு இரண்டாவது வெடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மேலே யார் ஊதினார்கள் என்று புகையில் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் கம்பெனி மேனேஜர் போலீசில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் தெரியுமா? செத்தவர் சாராயம் குடித்திருந்தார், தடுத்தும் கேளாமல் வெடி வைத்த இடத்துக்குள் தள்ளாடிப் போனார் என்று. போன வருஷம் சாராயக்கடை திறந்தாலும் திறந்தார்கள், ஏழை எங்கே விழுந்து செத்தாலும் காரணம் தயாராக இருக்கிறது. மாமா திருவிழாவுக்குக் குடிப்பவர்தான். மறைக்கவில்லை. வெடி நாளில் அவர் வெற்றிலைகூடப் போட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அக்கா தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் ஒருத்தி சொல்கிறாள்: "குடிச்சுட்டுப் போயி விழுந்தா கம்பெனி என்னா பண்ணும்?" எழுத்தில் அவர் குடிகாரர். செங்கமலம் வளர்ந்து கேட்டால் அந்தக் காகிதந்தான் அவளுக்குப் பதில் சொல்லும்.

பெரம்பலூரில் விசாரணை வைத்திருக்கிறார்கள். நீங்கள் அங்கே இருந்தவர். கம்பெனியில் இருப்பவர். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். அவர் குடிக்கவில்லை, விசில் கேட்டுத்தான் வந்தார். விசில் யார் கையில் இருந்தது?

பழனிவேல்


கோடம்பாக்கம்
6-6-1972

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு மஞ்சள்காமாலை மாதிரி இருந்தது, அதனால் எழுதவில்லை. இப்போது தேவலாம். ராசாத்தி சாப்பிடுகிறாளா? செங்கமலம் அப்பாவைக் கேட்கிறாளா?

காரியத்துக்கு வரக்கூடாது என்றா இருந்தேன்? எடுத்த ரீல் டப்பாக்களை அன்றைக்கே சென்னைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அந்தப் பொறுப்பு என்னுடையது. வெயில் காலம், தாமதித்தால் பிலிம் கெட்டுவிடும். அப்புறம் லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை முகம் கண்ணிலேயே நிற்கிறது.

விசில் கேட்டிருந்தாய். நான் வேன் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி அசிஸ்டென்ட் ஒருவன் கையில் விசில் இருந்தது. வேறு படத்துக்குப் போய்விட்டான், எங்கே என்று தெரியவில்லை. நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதிக் கொடுப்பது சரியில்லை அல்லவா?

பெரிய இடத்து மனிதர்கள் இந்தப் படத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டாளத்தார் நிதிக்கு முதல் காட்சி போடப் போகிறார்கள். நீ கோபத்தில் ஊரைக் கூட்டாதே.

அண்ணன்,
ராசாங்கம்


அரியலூர்
27-6-1972

ராசாங்கம் அண்ணனுக்கு,

உங்கள் காமாலை குணமானது அறிந்தேன்.

நேற்று பெரம்பலூர் போனோம். முதல் பஸ்ஸில் அக்கா, நான், மாமாவோடு பள்ளத்தில் இருந்த ஆறு பேர், காத்தாயி. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். வேப்பமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டு, குடித்திருந்தாரா, நீ பார்த்தாயா, நீ குடிப்பாயா என்று கேட்டார்கள். "நான் குடிக்கறது இருக்கட்டும் சார், செத்தவன் குடிக்கல" என்றார் வயசான ஒருவர். அதில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

காத்தாயி சத்தம் போட்டாள். "சிப்பாய் வேசம் போட்டவன் செத்தா சிப்பாய்க்குண்டான மரியாதை வேணாம். மனுசனுக்கு உண்டானதாவது குடுங்கய்யா." வெளியே போகச் சொன்னார்கள்.

நான் கம்பெனி கொடுத்த காகிதத்தைக் காட்டுங்கள் என்று விடாமல் நின்றேன். அலுத்துப்போன குமாஸ்தா ஒருவர் கட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "பாத்துக்க தம்பி. ஒங்க வூட்டு ஆளே சாட்சிக் கையெழுத்து போட்டிருக்காரு. செத்தவருக்கு மச்சானாம். இதுக்கு மேல என்ன வேணும்?"

'இறந்தவர் வாயில் சாராய நெடி இருந்ததை நான் நேரில் அறிவேன்.' கீழே க. ராசாங்கம். ங்-க்கு மேல் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவீர்களே, அப்படியே. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன்.

வேன் பக்கம் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு நெடி எப்படித் தெரிந்தது? பார்க்காததை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் சொன்னீர்களே. எனக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்று எடுத்தேன். அக்கா தண்ணீர் வாங்கி வந்து முகத்தைத் துடைத்துவிட்டாள். வெயில் என்று சொன்னேன். காகிதத்தில் இருந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில் எழுதுங்கள்.

பழனிவேல்


கோடம்பாக்கம்
15-8-1972

தம்பிக்கு,

ஆசீர்வாதம். இன்று சுதந்திர தினம், கம்பெனியில் மிட்டாய் கொடுத்தார்கள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பரீட்சை முடிவு வந்ததா?

அந்தக் கையெழுத்து ஒரு சம்பிரதாயம். எல்லோரும் போட்டார்கள். போடாவிட்டால் படம் அன்றோடு நின்றிருக்கும். இருநூறு குடும்பம் இதை நம்பியிருக்கிறது. தேசபக்திப் படம் என்று வரி விலக்குக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

ராசாத்திக்கு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன். வெள்ளை அல்ல. அவள் சின்னப் பெண்.

ராசாங்கம்


அரியலூர்
22-1-1973

ராசாங்கத்துக்கு,

பழனிவேல். பரீட்சையில் தேறவில்லை. சேலையைத் திருப்பி அனுப்பினேன், வந்திருக்கும். ஐந்து மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

பொங்கலுக்கு உன் படம் பெரம்பலூருக்கு வந்தது. ஆமாம், 'உன்' என்றுதான் எழுதுகிறேன். மாட்டுப் பொங்கலன்று போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்திருந்தார்கள். வாத்தியார் முன்னால் நின்று எங்கே கைதட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

உலகத்தை அழிக்கும் உங்கள் இயந்திரத்தைப் பார்த்தேன். நாலு பால்கேன், ஒரு டிராக்டர் ரேடியேட்டர், சிவப்பு பல்பு. அது சுழலும்போது அட்டை மடங்குவது தெரிகிறது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஒட்டுத்தாடி, குல்லாய், கையில் பச்சை ஆட்டுத்தொடை. 'இவை மனிதர்கள் அல்ல, நடமாடும் நஞ்சு' என்று படத்தின் பின்னணியில் ஒரு குரல். அந்த நஞ்சு நம் குவாரியில் தூசி தின்று ரத்தம் துப்புகிறது. நம் தாத்தா பண்ணையில் கட்டிக் கிடந்தபோதும் இப்படி ஒரு பெயர் அவருக்கு யாரும் வைக்கவில்லை. உங்கள் வீரன் எங்கள் ஆட்களைச் சுட்டுவிட்டுத் தலைவாரிக்கொள்கிறான், கொட்டகை அதிர்கிறது. இடைவேளையில் வெளியே டீக்கடை பாயின் குல்லாயை இரண்டு பையன்கள் பிடுங்கி எறிந்தார்கள். "எதுக்கு தம்பி? நானும் இந்த ஊருதானே" என்று அவர் குனிந்து எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே நின்றார்கள். பாதிப் படத்திலேயே உங்கள் சேவை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

கடைசிச் சண்டை. ஒரு வெடி. புகை. புகையிலிருந்து ஒரு ஆள் எழுந்து வருகிறார். தாடி கோணியிருக்கிறது. மாமா. அவர் தள்ளாடவில்லை. வேலைக்குப் போகிற மனுஷன் எப்படி நடப்பாரோ அப்படி, கண்ணைத் தரையில் வைத்து, ஒவ்வொரு அடியாக வருகிறார். நின்று மேலே நிமிர்ந்து பார்க்கிறார். தலையில் இருந்த எதிரித் தொப்பியைக் கழற்றித் தூக்கிக் காட்டுகிறார். உடனே அவர் வாயில் யாரோ ஒருவன் குரல், மூக்கால் இழுத்து: "சரண்! சரண்!" வாத்தியார் கைதட்டுகிறார். வெடிக்கிறது. கொட்டகை முழுக்க விசில்.

சரணடைந்தவனைக் கொன்றதற்குத்தான் அந்த விசில் என்பதுகூட அங்கே ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

நான் அதே படத்தை மறுநாளும், அதற்கு மறுநாளும் பார்த்தேன். அந்த ஆறேழு நொடிக்காக. அவர் சரணடையவில்லை. விசில் ஊதியவனுக்குத் துண்டைத் தூக்கிக் காட்டுவது குவாரி ஆட்களின் பதில், 'கேட்டது, வந்துட்டேன்' என்று. துண்டு இல்லை, தொப்பியைத் தூக்கினார். மேலே இருப்பது யார் என்று பார்த்துத்தான் தூக்கினார். தூக்கும்போது சிரிக்கிறார். ஒட்டுத்தாடிக்குள் பல் தெரிகிறது. கம்பெனிக்காரன் எவனையும் பார்த்து மாமா அப்படிச் சிரிக்க மாட்டார்.

அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார், ராசாங்கம்?

மேல்விசாரணைக்கு மனு போட்டிருக்கிறேன். பிப்ரவரி 19, திங்கட்கிழமை, பெரம்பலூர். அக்காவுக்கு நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் மாமாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. படத்தில் தெரிகிறாராமே, கூட்டிப் போ என்று அவள் கேட்கிறாள். முடியாது என்று கத்திவிட்டேன்.

பழனிவேல்


கோடம்பாக்கம்
3-2-1973

பழனிவேலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. காலையிலிருந்து ஆட்கள் டைரக்டர் சொல்லுக்கு அசையவில்லை. "என்னடா ஒன் ஊரு ஜனங்க, கல்லு மாதிரி நிக்கறானுங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. "நான் ஊதினா வருவாங்க சார்" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

இரண்டு வெடி வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து வெடிக்க வேண்டும். ஒன்றுதான் வெடித்தது. நான் எண்ணினேன், பழனி. ஒன்று என்று எனக்குத் தெரியும். வெடிக்காரரும் கையை உயர்த்தி "இருங்க, இருங்க" என்றார். டைரக்டர், "அது அந்தப் பக்கம்டா, ஒண்ணும் ஆகாது. வெளிச்சம் போகுது, பொகைக்குள்ளேந்து மூஞ்சி வேணும், ஊது" என்றார். ஊதினேன். அவர் எழுந்து வந்து என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

தூசி அடங்குவதற்குள் டைரக்டர் கேட்ட முதல் கேள்வி, "கெடைச்சுதா?" கேமராக்காரர், "கெடைச்சுது சார்" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் பள்ளத்துக்குள் ஓடினோம். வேன் பானெட்டின் மேல் வைத்து அந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என் கையில் அவர் ரத்தம் இருந்தது. துடைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். துடைத்துவிட்டுப் போட்டேன்.

நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. டப்பிங் அன்று குரல் கொடுக்கிற ஆள் வரவில்லை. "ரெண்டு வார்த்தைதானே, நீ நில்லு" என்று மைக் முன்னால் நிறுத்தினார்கள். 'சரண்' என்று சொன்னது நான். மூக்கால் பேசச் சொன்னார்கள். மூன்றாவது டேக் சரியாக வந்தது என்று பாராட்டினார்கள்.

கம்பெனியில் சொல்லாமலே வருகிறேன். 19-ஆம் தேதி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜெயிலென்றாலும் சரி. முதல் நாளே வந்து வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா? ராசாத்தியிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு எழுத வரவில்லை.

ராசாங்கம்


அரியலூர்
10-2-1973

அண்ணனுக்கு ராசாத்தி எழுதிக்கறது.

நானும் பாப்பாவும் உசுரோட இருக்கோம். நீயும் இருப்பன்னு நெனைக்கிறேன். அஞ்சாவது படிச்சதோட சரி, எழுத்து கோணலா இருக்கும், பாத்துப் படிச்சுக்க.

தம்பி ஒன் கடுதாசிய என் கையில குடுத்துட்டு வெளிய போயிடுச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ரெண்டு பொழுது ஆச்சு. சில வார்த்தைய ரெண்டு தடவ படிச்சேன், தப்பாப் படிக்கிறேனோன்னு.

நான் படத்துக்குப் போனேன். தம்பிக்குத் தெரியாது. காத்தாயிதான் கூட்டிக்கிட்டுப் போச்சு. பாப்பாவயும் தூக்கிக்கிட்டுப் போனோம். அவரு வந்தப்ப, அதோ ஒங்கப்பான்னு பாப்பாவுக்குக் காட்டுனேன். அவரு தொப்பியத் தூக்குனாரு, பாப்பா கைய ஆட்டுச்சு. நான் ஒடனே அது கண்ண மூடிட்டேன். எல்லாரும் விசிலடிச்சாங்க. அப்பாவுக்குத்தான் விசிலடிக்கறாங்கன்னு பாப்பா சிரிக்குது. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. நான் என்னாத்தச் சொல்லி நிறுத்துவேன்?

நீ வா. பொறுப்பா வந்து சொல்லு. அவரு குடிக்கலன்னு சொல்லு, விசில் கேட்டுத்தான் வந்தாருன்னு சொல்லு, ஊதுனது யாருன்னும் சொல்லு. நான் எதுக்க நிப்பேன். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும், ஆபீசரப் பாத்து இல்ல. குடிகாரன்னு எழுதுன எடத்துல கோடு போட்டு அடிக்கறத நான் என் கண்ணால பாக்கணும். அது போதும்.

ராத்திரி தங்கறதுக்குக் கேட்டிருந்த. பெரம்பலூருலயே எங்கயாவது தங்கிக்க. சொல்லி முடிச்சதும் அப்படியே பஸ் ஏறிடு. அரியலூருக்கு வராத. ஒன்னயத் திட்டுவேன்னு இல்ல. நீ வந்து வாசல்ல நின்னா நான் சோறு போட்டுடுவேன். எனக்கு அது வேணாம்.

ராசாத்தி